பாரிமுனையில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் எல்லாம் பார்த்தாயிற்று, சென்னையில் வேறென்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஜார்ஜ் டவுன். பாரிமுனை, மண்ணடி, சவுகார்பேட்டை, அப்படியே வடக்கே ராயபுரம். சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும். பிறகு கேள்விகள் வரும். அவற்றையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் மொத்த விலையில் சாமான் வாங்கவும் போகிற இடமாயிற்றே, அங்கே சுற்றிப் பார்க்க என்ன?

அந்த வியாபாரத்தையேதான் பார்க்கப் போகிறோம். முந்நூறு வருஷத்துக்கு மேலாக நிற்காமல் கடை நடக்கிற பேட்டை இது. கடை வைத்தவர்களில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். ஆர்மீனியர், யூதர், தெலுங்குக் கோமுட்டிச் செட்டியார், பேரிச் செட்டியார், நகரத்தார், குஜராத்திகள், மார்வாடிகள், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள், கடைசியாக பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு தெருவையோ கோயிலையோ ஒரு பலகாரத்தையோ விட்டுவைத்திருக்கிறது.

முதலில் புனித ஜார்ஜ் கோட்டைச் சுவரை ஒட்டியே ஒரு ஊர் இருந்தது. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் கறுப்பர் நகரம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749-இல் ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். எதிரி ஒளிந்து சுட வீடுகள் இத்தனை பக்கத்தில் இருக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் அந்த ஊரையே இடித்துத் தள்ளினார்கள். இன்றைக்கு உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரி வளாகமும் நிற்பது அந்தப் பழைய ஊரின் மேல்தான். ஜனங்கள் வடக்கே தள்ளிப் போய்க் குடியேறிய பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

எந்தக் கிழமை போகலாம்?

பலரும் ஞாயிற்றுக்கிழமை போகச் சொல்வார்கள். கடைகள் மூடியிருக்கும், நிம்மதியாக நடக்கலாம், மேல்மாடங்களை அண்ணாந்து பார்க்கலாம் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷட்டர் இறங்கிய சவுகார்பேட்டையில் குப்பையும் மாடும்தான் மிச்சம். செவ்வாய், புதன், வியாழன் இந்த மூன்றில் ஒரு நாள் காலை எட்டரைக்கு வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகம் விடுமுறை. ஏப்ரல், மே வெயிலில் வேண்டாம். மழைக்காலத்தில் மின்ட் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து பழக்கமிருந்தால் வரலாம்.

ஒரு மரியாதை மட்டும் கடைப்பிடியுங்கள். காலையில் போணி ஆவதற்கு முன்னால் கடைக்குள் நுழைந்து பத்துப் பொருளுக்கு விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பதினோரு மணிக்கு மேல் அதே கடைக்காரர் உட்காரவைத்துக் கதை சொல்வார்.

எப்படிப் போவது?

காரில் மட்டும் வராதீர்கள். மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையம், இல்லாவிட்டால் மண்ணடி. மின்சார ரயிலில் வருகிறவர்களுக்குக் கடற்கரை நிலையம். மூன்றில் எதில் இறங்கினாலும் பாரிமுனை நடக்கிற தூரம்தான்.

கோட்டையிலிருந்து தொடங்கலாமா? அது தலைமைச் செயலகமாயிற்றே, உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பையைச் சோதிப்பார்கள். உள்ளே போனதும் எல்லாரும் அருங்காட்சியகத்துக்குத்தான் நேராகப் போவார்கள். நீங்கள் முதலில் புனித மரியாள் தேவாலயத்துக்குப் போங்கள். 1680-இல் திறந்த கோயில். இந்தியாவில் இன்றும் நிற்கிற ஆங்கிலிக்கன் கோயில்களில் இதுதான் மூத்தது. ராபர்ட் கிளைவுக்கு 1753-இல் கல்யாணம் நடந்தது இங்கேதான். சுவர் நாலடிக் கனம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையை வளைவாக, கனமாகக் கட்டியிருக்கிறார்கள்.

கோயிலைவிட அதன் முற்றம் எனக்குப் பிடிக்கும். நடக்கிற தளம் முழுக்கக் கல்லறைப் பலகைகள். லத்தீன், போர்த்துகீசியம், ஆங்கிலம் என்று பல மொழியில் எழுத்து. ஆனால் அடியில் யாரும் இல்லை. பழைய இடுகாடு இருந்தது பழைய சட்டக் கல்லூரிப் பக்கம். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அங்கிருந்த கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு கோட்டையைச் சுட்டார்கள். சண்டை முடிந்ததும் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து பரப்பிவிட்டார்கள். ஹைதர் அலியோடு சண்டை வந்தபோது இவற்றிலேயே சிலவற்றைப் பீரங்கி நிறுத்தவும் எடுத்தார்களாம். குனிந்து தேடினால் 1652 என்று ஆண்டு போட்ட எலிசபெத் பேக்கரின் கல் கிடைக்கும். இந்தியாவில் உள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையது அது.

ஒரே நடையில் மூன்று கலங்கரை விளக்கம் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சென்னையில் ஜார்ஜ் டவுனுக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்த சங்கதி இது.

சென்னைக்கு இதுவரை நான்கு விளக்குகள். முதலாவது 1796-இல், கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் எண்ணெய் விளக்காக எரிந்தது. அந்தக் கட்டடம்தான் இப்போதைய கோட்டை அருங்காட்சியகம். கீழே வியாபாரிகள் கூடிப் பேரம் பேசும் கூடம், மேலே கப்பலுக்கு விளக்கு. இரண்டாவது 1844-இல் எரியத் தொடங்கியது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் தனியாக நிற்கும் உயரமான கருங்கல் தூண். முன்பின் தெரியாதவர்கள் ஏதோ நினைவுத் தூண் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். 1892-இல் நீதிமன்றக் கட்டடம் எழும்பியதும் அதன் கோபுரம் தூணைவிட உயரமாகிவிட்டது. கடலிலிருந்து பார்ப்பவனுக்கு எது தெரிகிறதோ அதில்தானே விளக்கு இருக்க வேண்டும்? 1894-இல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்துக்கு மாறியது. கீழே வாய்தா, மேலே விளக்கு என்று எண்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 1977-இல்தான் மெரினாவில் இப்போதுள்ள சிவப்பு வெள்ளைக் கோபுரம் வந்தது.

முதல் மூன்றும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நீதிமன்ற வளாகத்துக்குள் காரணமில்லாமல் நுழைய முடியாது. தூணும் கோபுரமும் வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும்.

பாரிமுனை முக்கிலேயே ஏதாவது?

இரண்டு இருக்கின்றன, இரண்டும் கண்ணில் படாதவை. நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் ஒரு சின்னக் கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு போட்ட இடத்துக்கு அடையாளம். துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊரே மூட்டை கட்டியது.

இன்னொன்று டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கும் எல்லைத் தூண். பழைய ஊரை இடித்த பிறகு, கோட்டையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆறு தூண்கள் நட்டது. மற்ற ஐந்தும் போய்விட்டன.

ஆர்மீனியக் கோயில் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே ஆர்மீனியர்கள் இருக்கிறார்களா?

கல்லுக்குக் கீழே முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். மேலே நடமாடுகிறவர் யாரும் இல்லை. பொறுப்பு கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனியக் குழுவிடம் இருக்கிறது.

இடம் பாரிமுனைக்கு இரண்டு தெரு தள்ளி. பலகையில் அரண்மனைக்காரன் தெரு என்று இருக்கும், ஆட்டோக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள். மரக்கதவைத் தாண்டியதும் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். இப்போதைய கோயில் 1772-இல் எழுந்தது. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, அதில் ஆறு மணிகள். ஞாயிறு காலை ஒன்பதரை வாக்கில் அடிப்பது வழக்கம். ஞாயிறு வருவதற்கு நான் ஒத்துக்கொள்ளும் ஒரே காரணம் அது.

முற்றத்தில் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஹரூத்யூன் ஷமவோனியன் என்ற பாதிரியாரின் கல் வரும். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை 'அஸ்தரார்', 1794. அதை நடத்தியவர் இவர். அது அச்சானது சென்னையில், இதே பேட்டையில். சொந்த நாட்டில் பத்திரிகை நடத்த முடியாதவர்கள் இங்கே உட்கார்ந்து அச்சுக்கோத்திருக்கிறார்கள். கல்லின் மேல் அவர்கள் எழுத்து. படிக்கத் தெரிந்த யாராவது இங்கே எப்போது கடைசியாக வந்தார்களோ.

இன்னொரு ஆர்மீனியர் கோஜா பெட்ருஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலத்தைச் சொந்தக் காசில் கட்டியவர், பரங்கிமலைக்குப் படி போட்டவரும் அவரே. வியாபாரத்தில் சம்பாதித்த காசு.

மதியத்துக்குப் பிறகு கதவு சாத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே பார்த்துவிடுங்கள். அதே தெருவில் அந்தோணியார் கோயில் என்று ஜனங்கள் சொல்லும் புனித மரியாள் இணைப் பேராலயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையானால் எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்பார்கள். நாலடி தள்ளிக் கச்சாலீஸ்வரர் கோயில்.

எந்தெந்தத் தெருவில் நுழையலாம்?

கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் பத்திரிகையும். பத்ரியன் தெருவில் பூ. ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. இப்படி ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு.

ஆண்டர்சன் தெருவில் கல்யாணம் இல்லாதவர்களும் ஒரு கடைக்குள் நுழைந்து பார்க்கலாம். தடித்த ஆல்பத்தில் நம்பர் போட்ட மாதிரிகள். பிள்ளையார் பொன்னில் ஒரு பக்கம், பிறைநிலவு இன்னொரு பக்கம், சிலுவை மற்றொன்றில். கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பார்த்து எந்த ஆல்பத்தை நீட்டுவது என்று முடிவு செய்வதைக் கவனியுங்கள், பெரும்பாலும் தப்பாது. வெளியே காகிதக் கட்டுகளை அடுக்கிய மீன்பாடி வண்டி முட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் ஒரு குட்டியானை ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். 'ஓரம், ஓரம்' என்று குரல் கேட்டால் யோசிக்காமல் கடைப்படி ஏறிவிடுங்கள். தலைச்சுமைக்காரர் உங்களுக்காக நிற்க மாட்டார், நிற்கவும் முடியாது.

ராசப்ப செட்டித் தெருவுக்கு மூக்கே வழிகாட்டும். அதிமதுரம், சித்தரத்தை, திப்பிலி, வசம்பு, கடுக்காய் எல்லாம் சாக்குச் சாக்காக வாய் திறந்து கிடக்கும். பிரசவ லேகியத்துக்கு என்றால் சீட்டே வேண்டாம், எத்தனையாவது பிள்ளை என்று கேட்டுக்கொண்டே அள்ளிப் போடும் கடைகள் உண்டு. அதே தெருவில்தான் கந்தகோட்டம். ஏழுகிணறுப் பக்கம் வீடு இருந்த சின்ன வயது ராமலிங்கர் இங்கே வந்து முருகன் முன்னால் நின்று தெய்வமணிமாலை பாடினார்.

தேவராஜ முதலித் தெருவில் சென்னகேசவர், சென்னமல்லீஸ்வரர் இரண்டு கோயிலும் ஒட்டி நிற்கின்றன. இவையும் குடிபெயர்ந்தவைதான். பழைய கோயில் நீதிமன்றம் இருக்குமிடத்தில் இருந்தது, கோட்டைக் காவலுக்காகக் கம்பெனி அதை இடித்தது, மணலி முத்துகிருஷ்ண முதலி முன்நின்று இங்கே கட்டிக்கொடுத்தார்.

நேரமிருந்தால் பவளக்காரத் தெரு. மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போன யூத வியாபாரிகளின் ஞாபகம் அந்தப் பெயர். 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் உறுப்பினர்களில் அவர்களும் இருந்தார்கள். இன்று அங்கே அவர்களுடைய ஒரு செங்கல்கூடக் கிடையாது. பெயருக்காகப் போகலாம் என்பவர்கள் போங்கள், மற்றவர்கள் தவறவிட்டால் குறையில்லை.

சாப்பாடு?

இதற்காகவே சாயங்காலம் வரை இருக்க வேண்டும்.

1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கியதும், தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். துறைமுக வாசலுக்கு எதிரே அவர்கள் பிழைக்கக் கொடுத்த இடம் 1969-இல் பர்மா பஜார் ஆனது. வெளிநாட்டு ரேடியோவும் செண்டும் விற்ற காலம் மலையேறிவிட்டது, இப்போது செல்போன் உறையும் சார்ஜரும்தான். ஆனால் பின்பக்கம் செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலமானால் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வந்துவிடும்.

வண்டிக்காரர் கை வேலையைப் பார்க்கவே நிற்கலாம். வேகவைத்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி கிண்ணத்தில். மேலே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், உப்பு, மிளகாய்த்தூள். பேஜோ என்ற தட்டை மாதிரியான ஒன்றை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். சூடாக இருக்காது, இருக்கவும் கூடாது. கூடவே குடிக்க வாழைத்தண்டு சூப். பிறகு முட்டை மசாலா கேளுங்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். முழுசாக வாயில் போட வேண்டும், கடித்துத் தின்றால் சட்டை போச்சு.

சைவக்காரர்களுக்குச் சவுகார்பேட்டை. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடை நெய் இட்லியும் ஊத்தப்பமும் ராத்திரி வேளையில். மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று விற்கிறார்கள். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவில் தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி. பேர் கேட்டுச் சிரித்தவர்கள் இரண்டாவது வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். காகடா கடையில் ஜிலேபி நன்றாக இருக்கும்.

ரம்ஜான் மாதமானால் இதையெல்லாம் விட்டுவிட்டு ராத்திரி மண்ணடிக்குப் போய்விடுங்கள்.

ராயபுரம் வரை போவது வீண் அலைச்சல் இல்லையா?

கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலேறினால் அடுத்த நிறுத்தமே ராயபுரம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பம்பாயிலும் ஹவுராவிலும் அந்தக் காலத்து நிலையங்கள் போய்விட்டன. அதனால் நாட்டில் இன்னும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் மூத்தது ராயபுரம் என்று பெயர். பெரிய தூண்களோடு ஒரு ஜமீன் வீட்டு முகப்பு மாதிரி இருக்கும், உள்ளே சாதாரண டிக்கெட் கவுண்டர்.

பக்கத்திலேயே பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயில், 1910-இல் கட்டியது. மற்றவர்கள் உள்ளே போக முடியாது. வெளியே நின்று பார்த்துவிட்டு நகருங்கள், காவலரிடம் கெஞ்சாதீர்கள்.

காசிமேடு மீன் ஏலம் பார்க்க ஆசைப்பட்டால் அது வேறு நாள். விடியற்காலையில், வழுக்காத செருப்போடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அந்தச் சமயம் ஏலம் களைகட்டாது.

பெண்கள் தனியாகப் போகலாமா? கழிப்பறை உண்டா?

பகலில் தாராளமாகப் போகலாம். கூட்டம்தான் தொந்தரவு, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கடைகள் மூடிய பிறகு ஒன்பது, பத்து மணிக்குக் குறுக்குச் சந்துகள் வெறிச்சோடிவிடும், அப்போது பெரிய சாலையிலேயே இருங்கள். கழிப்பறைக்கு மெட்ரோ நிலையங்களை நம்புங்கள், வேறு எதையும் நம்ப வேண்டாம். முட்டிவலி உள்ள பெற்றோரைக் கோட்டைக்கும் ஆர்மீனியக் கோயிலுக்கும் மட்டும் கூட்டிப் போங்கள். மின்ட் தெரு நடைபாதை அவர்களுக்கானது இல்லை, யாருக்கானதும் இல்லை.

படம் எடுக்கலாமா?

தெருவில் எடுக்கலாம், ஆளைக் கேட்டுவிட்டு. நீதிமன்றம், துறைமுக வாசல், கோட்டைக் காவல் இடங்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் சேட்டு ஒருவரை ஒளிந்து எடுப்பதைவிட ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டால் அவரே நிமிர்ந்து உட்காருவார்.

வழிகாட்டி வேண்டுமா?

முதல் தடவை இருந்தால் நல்லது. ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிச் சென்னை தினக் கொண்டாட்டங்கள் நடக்கும்போது இந்தப் பகுதியில் நடைச் சுற்றுகள் பல நடத்துகிறார்கள், சிலவற்றுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் முப்பது பேர் கூட்டமாகப் பத்ரியன் தெருவுக்குள் நுழைந்தால் பூக்காரர்கள் சாபம் கொடுப்பார்கள். இரண்டு பேர், மூன்று பேர் போவதே சரி.

இது பிடித்துப்போனால் அடுத்து எங்கே?

பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கி அங்கிருந்து பஸ். ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டுவதற்கு முன்பே, 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு, அதைத் தேடிப் போகாதீர்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். தொல்லியல் துறை பராமரிக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும், உள்ளே கப்பலும் குலச்சின்னமும் செதுக்கிய பலகைகள். டிசம்பர், ஜனவரியில் போனால் ஏரியில் பூநாரைகளும் இருக்கும். படகுக்கு ஏறும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிடுங்கள், உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் ஏறாதீர்கள்.